வாஷர் தனக்கே மறுத்த மூன்று நாள்

மூன்றாம் மாடி டீ மெஷின் பக்கம் காதை நீட்டினால், ஐந்தாம் மாடியில் ஒருவர் தன்னைத்தானே வேலையை விட்டுத் தூக்கிவிட்டார் என்பார்கள். லிஃப்டில் கேட்டால், தூக்கவில்லை, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து தன்னையே திட்டினார், திட்டு வாங்கியவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்பார்கள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் கம்பெனி வேன் ஓட்டுநர் வைத்திருக்கும் கதையே தனி: "மெமோ குடுத்தாராம் சார். குடுத்தவரும் அவர்தான், வாங்க மாட்டேன்னு அடம் புடிச்சவரும் அவர்தான். கடைசியில மேசை மேல வச்சுட்டுப் போயிட்டாராம்."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நாற்பத்திரண்டு நாடுகளில் கிளை விரித்த கம்பெனியின் வாய்க்கு மூடி செய்ய டெண்டர் விட வேண்டியிருக்கும். ஆகவே ஐந்தாம் மாடிக்கே ஏறிப் போய் விசாரித்ததில் கிடைத்த தகவல் இது: வேலையை விட்டுத் தூக்கினார் என்பது பொய். திட்டினார் என்பது பாதிப் பொய். மெமோவை வாங்க மறுத்தார் என்பது அபாண்டம். மனிதர் அதை வாங்கி, இரண்டு தடவை படித்து, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். மொத்தத்தில் நடந்தது வதந்தியைவிட மோசம். ஆனால் எல்லாம் முறைப்படி நடந்தது.

அந்த மனிதரின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதைத் தவிர வேறெங்கும் அவர் வாஷர்தான். கம்பெனி தண்ணீர் பம்பு செய்கிறது. பம்பின் ஒவ்வொரு திருகுக்கும் ஒவ்வொரு ரப்பர் வளையத்துக்கும் பத்து இலக்கத்தில் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கொடுப்பது ஏழு பேர் கொண்ட ஒரு பிரிவு. ஒரே சாமானுக்குத் தெரியாமல் இரண்டு எண் விழுந்துவிட்டால் அதற்கு இரட்டைப் பதிவு என்று பெயர். அந்தப் பிரிவில் கொலைக்கு அடுத்த குற்றம் அது. ஒரு நாட்டுக் கிடங்கில் சாமான் மலையாகக் குவிந்திருக்க, இன்னொரு நாட்டில் இல்லை இல்லை என்று புதிதாக வாங்கிக்கொண்டிருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே, கட்டைவிரல் நகமளவு வாஷர் ஒன்று பதினேழு எண்களில் பதினேழு நாடுகளில் குடித்தனம் நடத்துவதை இவர் கண்டுபிடித்தார். தலைமையகமே பாராட்டி எழுதியது. அந்தச் சாதனைக்குக் கம்பெனி கொடுத்த பரிசு இந்தப் பட்டப்பெயர். வேறெதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பதவியின் பெயர் மட்டும் பதினோரு வருடத்தில் மூன்று முறை மாறியது. ஆய்வாளர், முதுநிலை ஆய்வாளர், முதுநிலை ஆய்வாளர் இரண்டு, முதன்மை முதுநிலை ஆய்வாளர். நாற்காலி மாறவில்லை, அதன் இடது கைப்பிடி மூன்றாம் வருடத்திலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறது. வாஷர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்: பிரிவு மேலாளர் பதவி. மூன்று முறை அது கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போயிற்று. முதல் முறை, அனுபவம் போதாது என்றார்கள். இரண்டாம் முறை, புது ரத்தம் வேண்டும் என்றார்கள். மூன்றாம் முறை சொன்ன காரணம்தான் ரத்தினம்: "உங்களை மேனேஜர் ஆக்கிட்டா உங்க வேலைய யார் சார் பாப்பாங்க?"

வேலை செய்தால் மட்டும் போதாது, செய்வது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். வாஷர் அதை நம்பி, மூலையில் கிடந்த தன் மேசையை நடைபாதை ஓரமாக நகர்த்திப் போட்டார். நாலு பேருக்குத் தெரிந்தார். நாலு பேரும் அவரிடம் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

வாஷரின் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். "பல்லு புடுங்கறதுக்கே நாங்க டோக்கன் வரிசைப்படிதான் கூப்பிடறோம்," என்பாள். "உங்க ஆபீஸ்ல வரிசைன்னு ஒண்ணே கிடையாதாங்க?"

இப்படி இருக்கையில், பிரிவின் மேலாளர் அம்மாள் ஒரு வெள்ளிக்கிழமை கேக் வெட்டிவிட்டு வேறு கம்பெனிக்குப் போனார். திங்கட்கிழமை மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே இருக்கும் பெண்ணுக்குப் புன்னகை என்று பெயர் வைத்திருந்தார்கள். இரங்கல் கடிதத்திலும் வரிக்கு வரி சிரிக்கும் பொம்மை போடுவது அவள் வழக்கம்.

"புது மேனேஜர் வர்ற வரைக்கும் நீங்களே பாத்துக்கோங்க சார். தற்காலிகம்தான். நல்லா பண்ணினீங்கன்னா உங்களையே போட்டாலும் போடுவாங்க."

வாஷருக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்தார். போன மேலாளர் அம்மாளின் கீழிருந்த ஏழு பேரையும் புன்னகை அப்படியே அள்ளி வாஷரின் பெயருக்குக் கீழே போட்டிருந்தாள். அந்த ஏழு பேரில் வாஷரும் ஒருவர். திரையில் "உங்கள் மேலாளர்" என்ற இடத்தில் அவர் பெயர். அதற்குக் கீழே "உங்கள் ஊழியர்கள்" பட்டியலின் கடைசியில் மறுபடியும் அவர் பெயர்.

அதுவரை நாலாயிரம் இரட்டைப் பதிவுகளைப் பிடித்தவர் அவர். அடுத்தது அவரே.

உடனே உதவி மையத்துக்குப் புகார் போட்டார். "உங்கள் புகார் உங்கள் மேலாளரின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. மேலாளருக்கு, அதாவது அவருக்கே, ஒப்புதல் கேட்டு இன்னொரு கடிதம் வந்தது. சட்டென்று ஒப்புதல் கொடுத்தார். மூன்றாவது கடிதம்: "புகார் கொடுத்தவரே ஒப்புதல் தர இயலாது. புகார் முடித்து வைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" வாஷர் யோசித்து மூன்று கொடுத்தார். பதில் வேகமாக வந்ததை இல்லையென்று சொல்ல முடியாதே.

முதல் சோதனை விடுமுறை ரூபத்தில் வந்தது. மனைவியின் தங்கை கடலோரம் ஒரு வீட்டை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்து, அக்காவையும் மாமாவையும் வரச் சொல்லியிருந்தாள். மனைவிக்குக் கடல் மேல் கண் விழுந்ததற்கு வாஷரின் கம்பெனியே காரணம். கடல் கடந்த தலைமையகத்தில் உட்கார்ந்து மேலாளர்களை மேய்க்கும் பெரிய அதிகாரி ஒருவர் இருந்தார். வீடியோவில் வரும்போதெல்லாம் அவருக்குப் பின்னால் நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்த மரம். அதனால் அவருக்குப் பெயர் கடற்கரை. வாஷர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் மனைவி அந்தப் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

"அந்த மனுஷன் வருஷம் பூரா கடற்கரையிலயே உக்காந்திருக்கார். நமக்கு மூணு நாள் கிடைக்காதா?"

"அது வெறும் படம்."

"படத்துலயாவது உக்காந்திருக்காரே!"

வாஷர் விண்ணப்பித்தார். விண்ணப்பம் அவரிடமே வந்து கைகட்டி நின்றது. அந்த மூன்று நாளும் காலாண்டின் கடைசி வாரம். எல்லா நாட்டுக் கிடங்குப் பட்டியலையும் ஒன்றாகச் சேர்க்கும் வாரம். அந்த வாரத்தில் லீவு கேட்ட இரண்டு பேருக்கு முந்தின நாள்தான் இல்லையென்று சொல்லியிருந்தார். அரை மணி நேரம் விண்ணப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிராகரித்தார். காரணம் என்ற கட்டத்தில் "காலாண்டு இறுதி. பின்னர் ஈடு செய்யப்படும் – மேலாளர்" என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "மேனேஜர் லீவு தரல," என்றார்.

"எந்த மேனேஜர்? அந்தம்மாதான் போயிட்டாங்களே?"

வாஷர் செருப்பை நேராக அடுக்கி வைத்தார்.

"என்னங்க, கேக்கறேன்ல? யாரு தரல?"

"காலாண்டு முடிஞ்சதும் ஈடு பண்றேன்னு எழுத்துல குடுத்திருக்காங்க."

"யாரு எழுத்துல?"

விஷயம் வெளியே வந்தபோது அவள் கத்தவில்லை. அந்தக் கடிதத்தை அச்செடுத்து வரச் சொல்லி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அவ்வளவுதான். சில வீடுகளில் கத்துவதே மேல்.

அடுத்த மாதம் வருடாந்திர மதிப்பீடு வந்தது. ஏழு பேர் இருந்தால் ஒருவரை "மேல்" என்றும் ஐந்து பேரை "நடு" என்றும் ஒருவரைக் "கீழ்" என்றும் போட்டாக வேண்டும் என்பது விதி. ஏழு பேரும் நன்றாக வேலை செய்தாலும் ஒருவர் கீழே விழுந்தே தீர வேண்டும். போடாவிட்டால் படிவம் நகராது, சிவப்பாக முறைக்கும்.

அந்தப் பிரிவில் ஹெட்போன் என்று ஒரு பெண் இருந்தாள். எந்நேரமும் காதில் ஹெட்போன். ஆனால் அதில் எதுவும் ஓடாது. யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருக்க அது ஒரு வேலி. பிரசவ விடுப்பு நாலு மாதம் போய்விட்டதால் அவள் கொடுத்த எண்களின் தொகை மற்றவர்களைவிடக் குறைவு. போன வருடமும் பழைய மேலாளர் அம்மாள், "எப்படியும் லீவுலதானே போகப் போறா" என்று அவளைத்தான் கீழே தள்ளியிருந்தார். வாஷர் புன்னகைக்குப் போன் போட்டார்.

"இவங்கள மறுபடியும் கீழ போட்டா என்னம்மா ஆகும்?"

"ரெண்டாவது தடவையா? அப்படின்னா அவங்க நம்ம குடும்பத்துல இருந்து விடைபெறுவாங்க சார்." குரலிலும் சிரிக்கும் பொம்மை இருந்தது.

"யாரையும் கீழ போடாம விட முடியாதா?"

"யாராவது ஒருத்தர் வேணும் சார். கம்பெனியோட மதிப்பீட்டு வளைகோடு அப்படித்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒரு விஷயம். உங்களுக்கு 'நடு' இருந்தாலே போதும், மேனேஜர் பதவி பக்காவா கிடைக்கும். கீழ விழுந்தவங்களுக்குத்தான் ஒரு வருஷத்துக்குப் பதவி உயர்வு கிடையாது. உங்க மதிப்பீட்டைப் போடறதும் நீங்கதானே? இதைவிட வசதி வேற என்ன சார் வேணும்?"

மதியம் ஹெட்போன் வந்து மேசை அருகே நின்றாள். "சார், ஒளிக்காம சொல்லிடுங்க. நான் வேற வேலை தேடணுமா? குழந்தைக் காப்பகத்துல நிறுத்தறதா இருந்தா மூணு மாசம் முன்னாடியே சொல்லணும். அதுக்குத்தான் கேக்கறேன்."

"இன்னும் முடிவு பண்ணல," என்றார் வாஷர். ஆடும் கைப்பிடி இன்னும் கொஞ்சம் ஆடியது.

மாலை எல்லோரும் கிளம்பும்வரை பெயர்களை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். மீதி ஐந்து பேரில் ஒருவரைத் தள்ள ஒரு நியாயமும் சிக்கவில்லை. கடைசியில் ஒரு பெயர்தான் முனகாமல் இறங்கியது. ஏன் கீழே போட்டீர்கள் என்று ஐம்பது சொல்லுக்குக் குறையாமல் எழுதச் சொன்னது படிவம். "இந்த ஊழியர் நேர்மையாக உழைப்பவர். ஆனால் பதினோரு ஆண்டுகளாகத் தான் செய்வதைப் பற்றி மேலிடத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கூட்டங்களில் வாய் திறப்பதில்லை. மேசையை நகர்த்தினால் போதும் என்று நினைக்கிறார்" என்று எழுதத் தொடங்கினார். ஐம்பது சொல்லுக்குத் திணறவே இல்லை. நூற்று எண்பது வந்தது.

மனைவி கேட்டுவிட்டு டீயை அவர் முன்னால் வைத்தாள். "சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிறவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். அதுக்குக் கையெழுத்துப் போட்டுக் கோப்புல வைக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

"அந்தப் பொண்ணுக்குச் சின்னக் குழந்தை."

"தெரியும். அதனாலதான் இன்னும் உங்களுக்கு டீ குடுத்துட்டு இருக்கேன்." கொஞ்சம் கழித்து, "அவளுக்குத் தெரியுமா?"

"ரகசியம். சொல்லக் கூடாது."

கீழே விழுந்தவருக்குத் தொண்ணூறு நாள் முன்னேற்றத் திட்டம் என்று ஒன்று உண்டு. முதலில் எச்சரிக்கைக் கடிதம்; வேன் ஓட்டுநர் சொன்ன மெமோ இதுதான். பிறகு வாரம் ஒரு முறை மேலாளர் அந்த ஊழியரைத் தனியே அழைத்து அரை மணி நேரம் பேசி, பேசியதைக் குறிப்பெழுதிப் பதிவேற்ற வேண்டும். வேறு யாராக இருந்தாலும் பேசியதாக எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். நடக்காததை நடந்ததாக எழுத வாஷருக்கு வராது. கண்ணாடி அறையை வாரா வாரம் முன்பதிவு செய்தார். எத்தனை பேர் என்று கேட்ட இடத்தில் ஒன்று என்று போட்டால் அறை கிடைக்கவில்லை. இரண்டு என்று போட்டார்.

முதல் கூட்டத்தில் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து, "ஏன் கூட்டத்துல பேச மாட்டேங்கறீங்க?" என்று கேட்டார். பதில் வரவில்லை. ஊழியர் எதிரே இருக்க வேண்டும் என்ற நினைப்பு வந்து, எழுந்து மேசையைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்து, "கூச்சமா இருக்கு சார்," என்றார். இதைக் கதவருகே நின்ற காவலாளி அண்ணன் பார்த்துவிட்டார். கட்டடத்தில் உலாவும் வதந்திகள் அத்தனைக்கும் தாய் தகப்பன் அவர்தான்.

குறிப்புகள் இன்றும் கோப்பில் இருக்கின்றன. "இரண்டாம் வாரம்: ஊழியர் சரியான நேரத்துக்கு வந்தார். மேலாளரும் வந்தார்." "நான்காம் வாரம்: மேலாளர் குரலை உயர்த்தினார். ஊழியர் வருத்தம் தெரிவித்தார். பின்னர் மேலாளரும் வருத்தம் தெரிவித்தார்." இடையில் ஹெட்போனும் ஒரு பங்களிப்புச் செய்தாள். தன் பெயருக்கு நேரே "நடு" என்று பார்த்த சந்தோஷத்தில் வாஷரிடம் வந்தாள். "கீழ விழுந்தது யாருன்னு கேக்க மாட்டேன் சார். ஆனா யாரா இருந்தாலும், பாவம், செய்யற வேலையைக் கொஞ்சம் வெளிய சொல்லிக்கச் சொல்லுங்க. ஊமையா இருந்தா இந்த ஆபீஸ்ல தலையில மொளகா அரைப்பாங்க." வாஷர் நன்றி சொல்லிவிட்டு அதையும் குறிப்பில் சேர்த்தார்: "சக ஊழியர் ஒருவரின் கருத்து மேலாளர் மூலம் தெரிவிக்கப்பட்டது. ஊழியர் ஏற்றுக்கொண்டார்."

திட்டத்தின்படி, ஊழியரின் முன்னேற்றத்தை மேலாளர் வாரந்தோறும் கடற்கரைக்கு எழுத வேண்டும். அங்கேதான் அந்த அதிசயம் நடந்தது. தன்னைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னால் வாஷருக்கு வியர்க்கும். ஆனால் தன் கீழ் வேலை செய்யும் ஒருவரைப் பற்றி எழுதுவதற்கு என்ன கூச்சம்? "என் பிரிவில் ஒருவர் இந்த வாரம் ஒரே ரப்பர் வளையம் ஒன்பது கிடங்குகளில் ஒன்பது எண்ணில் கிடப்பதைக் கண்டுபிடித்தார். இத்தகையவர் கிடைப்பது அரிது" என்று பேனா தானாக ஓடியது. பதினோரு வருடம் அணை கட்டி வைத்த தண்ணீர். மேலாளர் உத்தரவிட்டபடி ஊழியர் கூட்டங்களிலும் பேசத் தொடங்கினார். எட்டாம் வாரம் கடற்கரையையே இடைமறித்து, "மன்னிக்கணும் சார், அந்த எண்ணிக்கை தப்பு," என்றார்.

தொண்ணூறு நாள் முடிந்ததும் எல்லா நாட்டுக் கிளைகளும் பார்க்கும் வீடியோ கூட்டத்தில் கடற்கரை அறிவித்தார்: மிகவும் பின்தங்கிய ஊழியரை மிகக் குறைந்த காலத்தில் முன்னேற்றிய மேலாளர் என்ற விருது இவ்வருடம் வாஷருக்கு! தலைமையகத்தில் பெயரை எவரும் பார்க்கவில்லை. அங்கே எண்ணைத்தான் பார்ப்பார்கள். மேலாளர் எண் வேறு, ஊழியர் எண் வேறு. ஒரே சாமானுக்கு இரண்டு எண்.

கை தட்டினார்கள். வாஷருக்குப் பொறுக்கவில்லை. இரட்டைப் பதிவைக் கண்டு சும்மா இருந்தால் அவர் வாஷர் இல்லை. மைக்கைத் திறந்தார்.

"சார், ஒரு உண்மையைச் சொல்லணும். அந்த ஊழியர் நான்தான்."

நாற்பத்திரண்டு நாடுகளிலும் கைதட்டல் நின்றது. கடற்கரையின் பின்னால் மரம்கூட அசையவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கேட்டீர்களா?" என்றார் தழுதழுத்த குரலில். "தன் ஊழியரின் தோல்வியைத் தன் தோல்வியாக நினைக்கிறார். 'அந்த ஊழியர் நான்தான்' என்கிறார். இதுதான் தலைமைப் பண்பு. இன்றே இவரை நிரந்தரமாக்குங்கள்."

"இல்ல சார், நெசமாவே நான்தான்..." என்று வாஷர் தொடங்கியது கைதட்டலில் மூழ்கிப்போயிற்று. ஐந்தாம் மாடியில் ஒரே ஒருத்திக்கு மட்டும் விளங்கியது. இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வாஷரைப் பார்த்தாள். வாஷர் அவசரமாக எதையோ தட்டச்சு செய்தார். திரையில் வெறும் எண்கள்தான் விழுந்தன.

மாலையில் புன்னகை ஓடி வந்தாள். "வாழ்த்துகள் சார்! இனிமே நீங்கதான் நிரந்தர மேனேஜர்!"

"கீழ விழுந்தவனுக்கு ஒரு வருஷம் பதவி உயர்வு கிடையாதுன்னு சொன்னியேம்மா?"

"இது பதவி உயர்வு இல்ல சார். பதவி உறுதி. ஏற்கெனவே இருக்கற பதவியை உறுதிப்படுத்தறோம்."

"அப்ப சம்பளம்?"

"பதவி உயர்ந்தாத்தானே சார் சம்பளம் உயரும்?" இம்முறை முகத்திலேயே பொம்மை சிரித்தது. "உங்களை நேரா பெரிய சாருக்குக் கீழ மாத்தியாச்சு. தற்காலிக மேனேஜரா இருந்த உங்க பழைய கணக்கை மூடியாச்சு."

மறுநாள் வாஷருக்குப் புது நாற்காலி வந்தது. இரண்டு கைப்பிடியும் ஆடவில்லை. அதில் உட்கார்ந்து செய்த முதல் வேலை, பாக்கியிருந்த மூன்று நாளைக் கேட்டு விண்ணப்பித்ததுதான். "ஈடு செய்வதாக முந்தைய மேலாளர் எழுத்தில் உறுதியளித்துள்ளார்" என்று கடிதத்தையும் இணைத்தார். மனிதவளப் பிரிவிலிருந்து பதில் சுருக்கமாக வந்தது: "முந்தைய மேலாளர் அளித்த உறுதிகளை அவரிடமே உறுதி செய்துகொள்ளவும். அவர் தற்போது இப்பொறுப்பில் இல்லை." கடற்கரைக்கு நேரடியாக எழுதினார். அவர் விடுமுறையில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் வந்தது.

விண்ணப்பம் "நிலுவையில்" என்று மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கிறது. தங்கை கடலுக்குப் போய்த் திரும்பி, உடம்பு கறுத்து, கறுப்பும் தெளிந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் கதவில் கடிதத்தின் ஓரம் சுருண்டுவிட்டது. மனைவி புது ஒட்டுநாடா போட்டு அழுத்தியிருக்கிறாள். காலையில் பால் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் குரல் கொடுப்பாள்:

"என்னங்க, அந்தப் பழைய மேனேஜரை எங்கயாவது பாத்தா, மூணு நாளை ஞாபகப்படுத்துங்க!"

"பாத்தா கண்டிப்பா சொல்றேன்," என்பார் வாஷர், கண்ணாடி முன்னால் நின்று முகம் மழித்துக்கொண்டே.